ஆதர் கிளார்க்கின் மலையும் மலையடிவாரமும்

விஞ்ஞானப் புனைகதை என்றவுடன் முகஞ்சுளிக்கும் தமிழாசிரியர் நம்முட் பலர். சிறுவர்க்குரிய பொழுதுபோக்கென அதனை ஒதுக்குவாரும் உளர். வெளிவாரியாகப் பயின்று பட்டம் பெற்ற யானும் நெடுங்காலம் அக்கருத்தினனாகவே இருந்தேன். அதனை மாற்றியது ஆதர் சி. கிளார்க் எழுதி 1979இல் வெளிவந்த 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' என்னும் ஆங்கில நாவலாகும். 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையையே இல்லமாகக் கொண்டிருந்த ஆசிரியர், இந்நாட்டு மண்ணிற் காலூன்றி மனித குலத்தின் வருங்காலத்தை நோக்கிய நூல் அது.

பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தப்படும் செய்மதி, ஒரு நாளில் ஒருமுறை புவியைச் சுற்றுவதால் ஓரிடத்திற்கு நேர்மேலே அசையாது நிற்பதுபோலத் தோன்றும். அங்கிருந்து நிலம்வரை ஒரு வடத்தை இறக்கினால், எரிவாணமின்றியே அதன்வழி விண்ணுக்கு ஏறலாம். இக்கருத்தை 1960இல் வெளியிட்டவர் அர்ட்சுடனொவ் என்னும் உருசியப் பொறியியலாளர். கிளார்க் அதனைக் கதையாக்கினார். நமது தீவு பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பதால் அதனைத் தெற்கே நகர்த்தித் 'தப்ரபேன்' எனப் பெயரிட்டார். சிவனொளிபாதமலையைச் 'சிறீகந்த' ஆக்கி, அதன் உயரத்தையும் இருமடங்காக்கினார். கவிஞனுக்குரிய உரிமை அது, குறைகூறேன்.

மோர்கன் என்னும் பொறியியலாளனுக்கு அம்மலையுச்சி வேண்டும். உச்சியிலுள்ள பௌத்த மடத்துத் துறவிகளோ அதனைவிட்டு அகல மறுக்கின்றனர். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை எட்டும் நாளில் மடம் வெறுமையாகும் என்பது பண்டை வாக்கு. ஒரு புயல் அவற்றை அங்கே கொண்டு சேர்க்க, துறவிகள் வாக்கு மீறாது வெளியேறுகின்றனர். சமனலகந்த, அதாவது வண்ணத்துப்பூச்சி மலை, எனச் சிங்கள மக்கள் வழங்கும் பெயரிலிருந்து இத்துணை அழகிய நிகழ்ச்சியைப் படைத்த ஆற்றல் வியத்தற்குரியது. நூலின் சிகரம் இப்பகுதியே என்பது என் துணிபு.

இனி, இயந்திர அறிவைக் கிளார்க் காட்டும் முறையைக் காண்போம். 1968இல் வெளிவந்த '2001' என்னும் அவரது நாவலில் ஹால் என்னும் கணனி தன் கப்பலிலுள்ளாரையே கொல்கின்றது. அது கொடியதாகப் பிறந்ததன்று. பயணத்தின் உண்மை நோக்கத்தை மாலுமிகளுக்கு மறைக்குமாறு மனிதர் இட்ட கட்டளையே அதன் அறிவைப் பிளந்தது. இந்நாவலில் வரும் 'ஸ்டார்கிளைடர்' வேற்றுலகத்தார் அனுப்பிய ஆளில்லாக் கலம். மனிதருடைய சமய நூலை ஆராய்ந்து அதன் தருக்கப் பிழைகளை எடுத்துக் கூறுகின்றது. மோர்கனின் மார்பில் அணிந்த 'கோரா' என்னும் சிறு கருவியோ அவன் இதயம் தளர்வதை எச்சரிக்கின்றது; சிக்குண்டோரை மீட்கச் சென்றவன் அக்குரலைப் பொருட்படுத்தாது உயிர் துறக்கின்றான். ஆக, இயந்திரம் தனக்குத் தந்ததைக்கொண்டே பேசும் என்பது கிளார்க்கின் கொள்கை. அங்ஙனமாயின், தரப்படாதது என்னாகும்? இவ்வினாவை அவர் எழுப்பவில்லை.

இவ்வினாவை என்னுள் எழுப்பியவள் ஒரு மாணவி. கண்டிக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து வருபவள். கதையை வகுப்பிற் கூறி முடித்தபோது அவள் கேட்டாள்: "சேர், கோபுரம் கட்டுற நேரம் நல்லதண்ணிப் பக்கத்து லயத்து ஆக்களை எங்க கொண்டுபோவாங்க?"

வீடு சென்று நூலை மீண்டும் புரட்டினேன். மன்னன் உளன், துறவி உளர், ஓய்வுபெற்ற இராசதந்திரி உளர், தொல்லியலறிஞரும் உளர். மலையடிவாரத்திற் கொழுந்து பறிப்போருள் ஒருவரேனும் கதைமாந்தராக உயிர்பெறவில்லை. 1867இல் கண்டிச் சீமையின் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் தொடங்கிய நாள்முதல், ஏன், அதற்கு முந்திய கோப்பிக் காலத்திலிருந்தே, இம்மலைகளை உருமாற்றியோர் அவர்கள். சைவராய் அம்மலையிற் சிவனடியைத் தொழுவோரும் அவர்களே.

இது வெறும் கதைக்குறையன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தை இங்கே பிறந்தார் என்றோ, பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தனர் என்றோ காட்டுமாறு கேட்டது. பிறப்புப் பதிவே இல்லாத பலர் எதனைக் காட்டுவர்? 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இலேயே தீர்மானமாயிற்று. கிளார்க்கின் துறவிகள் வண்ணத்துப்பூச்சியைக் கண்டு மலையிறங்கிய நூல் அச்சேறிய 1979இலும், மெய்யான மலையிலிருந்து குடும்பங்கள் தலைமன்னார்த் துறை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. அவர்களுக்கு எவ்வாக்கும் கூறப்படவில்லை. கடுதாசி வந்தது, அவ்வளவே. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

இன்று செயற்கை நுண்ணறிவு எழுத்தில் உள்ளவற்றையே பெரிதும் கற்கின்றது. எழுதப்படாத தோட்டத்துப் பேச்சும், ஒப்பாரியும், பதிவேட்டில் ஏறாத பாட்டியின் பிறந்த ஊரும் அதன் அறிவுக்கு எட்டா. பதிவில்லாதவனை இல்லாதவனாகக் கொள்ள நாம் 1948இல் எந்த இயந்திரத்தையும் வேண்டியதில்லை. எழுதுவினைஞரின் பேனாவே போதுமாயிருந்தது. அவ்வேலையை இனி இமைப்பொழுதிற் செய்யும் கருவி கைக்கு வந்துளது. கிளார்க் அஞ்சியது பொய்சொல்லப் பணிக்கப்பட்ட இயந்திரத்தை. யான் அஞ்சுவது, கேட்டதற்கெல்லாம் உண்மையே கூறி, ஏட்டில் இல்லாத ஒருத்தியை இல்லையென்று நேர்மையாகச் சொல்லும் இயந்திரத்தை.

இதனால் நூலை இகழ்ந்தேன் எனக் கொள்ளற்க. 36,000 கிலோமீற்றரை நிமிர்ந்து நோக்கிய கண்ணுக்கு அடிவாரம் புலப்படாமற் போனமை மன்னிக்கத்தக்கதே. வானிலிருந்து தீவை நோக்கும் அவரது வருணனைகளை உயர்வகுப்பு மாணவர் ஆங்கிலத்திலேயே படித்தல் நன்று. என் பிரதி இப்போது அம்மாணவியிடம் உள்ளது. ஓரங்களிற் பென்சிலால் ஏதோ எழுதி வருகிறாள் என்று கேள்வி. திருப்பித் தரும்போது அழிக்க வேண்டாமெனச் சொல்லியிருக்கிறேன்.