மறுப்பவர்களை மனத்தில் வைத்து எழுதிய பேராயர்

ஆராதனை முறைமை எழுதுகிறவரின் பெயர் புத்தகத்தின் அட்டையில் வருவதில்லை. தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களிலும் பலருக்கு லெஸ்லி பிரவுன் யாரென்று தெரியாது. 1912இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1938இல் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கத்தின் ஊழியராகத் திருவிதாங்கூருக்கு வந்தார். திருவனந்தபுரத்தில் கேரள ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வரானார். 1953இல் உகாண்டாவின் பேராயர், 1961இல் அங்கே அமைந்த புதிய ஆங்கிலிக்கன் மாகாணத்தின் முதல் தலைமைப் பேராயர், 1966 முதல் 1978 வரை இங்கிலாந்தில் செயின்ட் எட்மண்ட்ஸ்பரி–இப்ஸ்விச் பேராயர். 1999இல் காலமானார். இந்தப் பதவிப் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் மனிதர் பிடிபட மாட்டார். அவரை ரசிக்க வேண்டுமானால் அவர் முன்னின்று உருவாக்கிய 1950ஆம் ஆண்டுத் திருவிருந்து முறைமையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அசைவிலும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இந்த இடத்தில் சண்டைக்கு வந்திருக்கக்கூடியவர் யார்?

சண்டைக்கு ஆள் பஞ்சமே இல்லை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றான சபைகள் ஒன்றுக்கொன்று அந்நியமானவை. ஆங்கிலிக்கன்களுக்கு அச்சிட்ட ஜெபப்புத்தகம்தான் உயிர். காங்கிரகேஷனல் மரபினருக்கோ அச்சிட்ட ஜெபம் என்றாலே ஆவியானவரின் வாயைக் கட்டுவது போல. நடுவில் பிரஸ்பிட்டேரியன்களும் மெதடிஸ்டுகளும். வெளியே இருந்த எதிர்ப்பு வேறு. கவிஞர் டி.எஸ். எலியட் இந்த இணைப்புத் திட்டத்தைத் தாக்கி 1943இல் ஒரு சிறு நூலே எழுதினார். இணைப்பு நடந்த பிறகும், உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் 1948இல் கூடிய லாம்பெத் மாநாடு புதிய சபையோடு முழு ஐக்கியத்துக்கு உடன்படவில்லை. இந்த நிலையில்தான் புதிய சபையின் ஆட்சி மன்றமான சினாட் அமைத்த ஆராதனைக் குழுவுக்குப் பிரவுன் கன்வீனரானார். புதுச் சம்பந்திகள் கூடிய கல்யாண வீட்டில் சமையல் பொறுப்பை ஏற்றவரின் கதிதான். ஆனாலும் 1950இல் மதுரையில் கூடிய சினாட்டில் புதிய முறைமை பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

முதலில் ஆயர் நிற்கும் இடத்தைப் பாருங்கள். அன்றைய ஆங்கிலிக்கன்களில் கத்தோலிக்கச் சாய்வுள்ளவர்கள் சபைக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி நிற்பார்கள். சுவிசேஷப் பிரிவினர் மேசையின் வடக்கு ஓரத்தில் நிற்பார்கள். எங்கே நிற்கிறார் என்பதை வைத்தே ஒருவர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். பிரவுனின் குழு இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயரை மேசைக்குப் பின்னால் கொண்டுபோய், மக்களைப் பார்த்தபடி நிறுத்தியது. ஆதிச்சபையின் வழக்கம் என்று கருதப்பட்டதால் யாராலும் இதைப் புதுமை என்று தள்ள முடியவில்லை. எந்தக் கட்சியின் அடையாளமும் இல்லாததால் யாருக்கும் தோற்ற உணர்வும் இல்லை. ரோமன் கத்தோலிக்க ஆலயங்களில் இந்த நிலை பரவலானது 1960களில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை ஒட்டித்தான்.

இன்னும் நுட்பமான இடம், அப்பத்தின்மேலும் ரசத்தின்மேலும் பரிசுத்த ஆவியானவரை வேண்டுகிற ஜெபம். அந்த வேண்டுதல் இருக்க வேண்டும் என்பது கீழைச் சபைகளின் பழமையான மரபு. ஆனால் அப்பம் கிறிஸ்துவின் சரீரமாக மாறுகிறது என்று எழுதினால் சீர்திருத்த மரபினர் எழுந்து போய்விடுவார்கள். வெறும் நினைவுகூர்தல் என்று எழுதினால் கத்தோலிக்கச் சாய்வுள்ள ஆங்கிலிக்கன்கள் போய்விடுவார்கள். குழு இரண்டையும் எழுதாமல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில் பவுல் சொன்ன ஐக்கியத்தின் மொழியையே ஜெபத்துக்குள் வைத்தது. வேத வசனத்தை எதிர்த்து யார் ஓட்டுப் போடுவார்? இதை மழுப்பல் என்று சொல்பவர்கள் உண்டு. மழுப்பல் என்றால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. இங்கே ஆராதிப்பவருக்குத் தேவையான எதுவும் விடுபடவில்லை. இறையியல் வகுப்பறையில் முடிக்க வேண்டிய வழக்கைத் திருவிருந்து மேசைக்குக் கொண்டுவர மறுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

‘எல்லாம் கடன் வாங்கியதுதானே’ என்ற ஆட்சேபணையும் வரும். உண்மைதான். ஆராதனையின் தொடக்கத்தில் வேதாகமத்தை ஏந்தி வருவது ஸ்காட்லாந்துச் சபையின் வழக்கம். பந்தியில் சேருமுன் தகுதியின்மையை அறிக்கையிடும் ஜெபம் ஆங்கில ஜெபப்புத்தகத்தினுடையது. இயேசுவைப் பிரதான ஆசாரியராக அழைத்து, நடுவில் எழுந்தருளும்படி கேட்கும் ஜெபம் ஸ்பெயினின் பழைய மொசராபிக் மரபிலிருந்து வந்தது. ஸ்தோத்திர ஜெபத்தின் நடுவே சபையார் குறுக்கிட்டுக் கிறிஸ்துவின் மரணத்தையும் உயிர்ப்பையும் வருகையையும் அறிக்கையிடுவது சுரியானி வழிபாட்டிலிருந்து. எடுத்தல், ஸ்தோத்திரித்தல், பிட்டல், கொடுத்தல் என்ற அடிப்படை அமைப்புக்குப் பின்னால் வழிபாட்டு ஆய்வாளர் கிரெகரி டிக்ஸ் 1945இல் வெளியிட்ட ஆய்வின் நிழல் தெரிகிறது. ஆனால் ஆராதனையில் புத்தம்புதிதாக எழுதுவது பெருமையல்ல. பல தலைமுறை வாய்களில் தேய்ந்து மெருகேறிய வாக்கியத்துக்கு ஈடான ஒன்றைக் கல்லூரி முதல்வர் மேசையில் உட்கார்ந்து எழுதிவிட முடியாது. திறமை வைப்புமுறையில் இருக்கிறது. ஆங்கில ஜெபப்புத்தகத்தில் நடுவில் கிடந்த பாவ அறிக்கை இங்கே முதலுக்கு வந்ததைப் பாருங்கள். ஆயத்தம் முடிகிறது, வசனம் வருகிறது, பிறகு அப்பம் பிட்கப்படுகிறது. விருந்தை நெருங்கும் நேரத்தில் மறுபடி பாவ அறிக்கைக்குத் திரும்ப வேண்டியதில்லை.

குழு செய்த வேலைக்கு ஒருவரை ஏன் புகழ வேண்டும் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபணை. அதற்கு ஆப்பிரிக்காவில் பதில் கிடைக்கிறது. 1964இல், ஆப்பிரிக்க ஆங்கிலிக்கன் சபைகளுக்கென்று ஒரு திருவிருந்து முறைமையை அவரே வரைந்து வெளியிட்டார். புலமையில் குறை சொல்ல முடியாத வரைவு. ஆனால் தென்னிந்திய முறைமை போல அது வேர்விடவில்லை. ஒரே சபைக்குள், ஒருவர் கையால் எழுதப்பட்டது. தென்னிந்தியாவில் இருந்ததுபோல எதிரே உட்கார்ந்து மறுக்கிற ஆள் இல்லை. பிரவுனின் மேதைமை தனியாக உட்கார்ந்து எழுதும் மேதைமை அல்ல என்று இந்த இரண்டு நூல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். பத்துப் பேர் மறுக்கும் அறையில், அந்தப் பத்துப் பேரும் வாய்விட்டுச் சொல்லக்கூடிய வாக்கியத்தைக் கண்டுபிடிப்பது அவருடைய கலை. அது குழுவின் வேலை என்பது புகழைக் குறைக்கும் காரணம் ஆகாது.

இது இந்திய முறைமைதானா என்ற கேள்விக்கு மட்டும் எளிதில் பதில் சொல்ல முடியாது. வரைவு ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பிறகுதான் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடத்துக்குப் போனது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் பாட்டுக்கு விட்ட இடைவெளியில் நுழையலாம். ஜெபத்தின் நடைக்குள் அந்த மரபு நுழையவில்லை. இந்தக் குறையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முறைமையைச் சபைகள்மேல் கட்டாயமாகத் திணிக்காமல் விட்டது ஒரு சமாதானம், அவ்வளவே. ஆயினும் இந்த மண்ணிலிருந்து வந்த ஓர் அசைவு அதன் நடுவிலேயே இருக்கிறது, அதைச் சேர்த்ததில் பிரவுனின் கேரள வாழ்க்கை தெரிகிறது. மலபாரின் பழைய சுரியானிச் சபையைப் பற்றி 1956இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட வரலாற்று நூலை எழுதியவர் அவர். அந்தச் சபையின் வழிபாட்டை அருகிலிருந்து பார்த்தவர்.

அந்த அசைவு சமாதானம் கொடுப்பது. காணிக்கைக்கு முன், மேசையில் நிற்கும் ஆயர் உதவியாளரிடம் திரும்புகிறார். கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்கிறார். இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்கிறார்கள். உதவியாளர் இறங்கி வந்து வரிசையின் முதல் ஆளுக்குக் கொடுக்க, அவர் அடுத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று ஆலயத்தின் கடைசி பெஞ்சுவரை அது கைமாறிப் போகிறது. முகம் கொடுத்துப் பேசாதவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும், வாங்கியதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இப்போது பல சபைகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிக் கைகுலுக்குகிறார்கள், அல்லது இருந்த இடத்திலிருந்தே கும்பிடுகிறார்கள். நேரம் மிச்சமாகிறது. ஆனால் சமாதானம் மேசையிலிருந்து புறப்படுவது நின்றுபோய், அவரவர் பிடித்தவர்களைத் தேடிக் கொடுப்பதாகிவிட்டது. பழைய முறையில் கொடுக்கும் சபை எங்கேனும் இருந்தால், பிரவுனைப் புரிந்துகொள்ள முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். நூல்களைப் பிறகு படிக்கலாம்.