வாலில் தொங்கும் பொடிசுகள்

ஆங்கிலத்தில் நான் ரசிப்பது இன், ஆன், ஆஃப், அப், ஆஃப்டர் என்ற பொடிச் சொற்களை. 'லுக்' என்றால் பார். பின்னால் 'ஃபார்' வந்தால் தேடு. 'ஆஃப்டர்' வந்தால் கவனித்துக்கொள். 'இன்டு' வந்தால் விசாரி. வினை அப்படியே நிற்கிறது; வாலில் தொங்கும் சொல் பொருளையே திருப்பிவிடுகிறது.

பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் வேறு விளையாட்டு. காருக்கு 'இன்', பஸ்ஸுக்கு 'ஆன்'. எழுந்து நடமாட இடமுள்ள வண்டிக்கு 'ஆன்', குனிந்து நுழைந்து உட்காரும் வண்டிக்கு 'இன்' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிசகாது. சைக்கிளுக்கும் 'ஆன்'தான், அதன்மேல் ஏறித்தானே உட்காருகிறோம்.

குறும்பில் முதலிடம் 'வென்ட் ஆஃப்'புக்கு. 'லைட் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது. 'அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் அடித்தது!

சிரிப்பதற்கு முன் நம் 'பார்' படும் பாட்டையும் கவனியுங்கள்: பார்த்துவிடு, பார்த்துவை, பார்த்துத்தொலை. அங்கே பொடிச் சொல் செய்யும் வேலையை இங்கே துணைவினை செய்கிறது. "குழந்தையைப் பார்த்துக்கோ" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்புகிறோமே, அந்தக் 'கோ'தான் நம் ஊர் 'ஆஃப்டர்'.