வெளியே நிறுத்தப்பட்டவள் கட்டும் கட்டணம்

மகள்களின் சொத்துரிமை பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக 1989, 2005, 2020 என்று மூன்று ஆண்டுகளைச் சொல்கிறோம். அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குத் தமிழ்நாடு பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தது. பிறகு நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் அது சட்டமானது. அந்த உரிமை பிறப்பிலேயே வருவது என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இந்த வரிசையில் 1955ஐ யாரும் சேர்ப்பதில்லை. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணங்கள் மற்றும் வழக்கு மதிப்பீட்டுச் சட்டம் அந்த ஆண்டைச் சேர்ந்தது. பங்கு கேட்டு நீதிமன்றப் படியேறும் பெண் முதலில் கடக்க வேண்டியது இதைத்தான்.

இதன் 37ஆம் பிரிவு, பாகப்பிரிவினை கேட்பவர்களை இரண்டாகப் பிரிக்கிறது. சொத்தைக் கூட்டாக அனுபவித்துவருபவர் சிறியதொரு நிலையான கட்டணம் செலுத்தினால் போதும். அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவரோ தன் பங்கின் சந்தை மதிப்புக்கேற்பச் செலுத்த வேண்டும். அந்த விகிதம் முன்பு 7.5 சதவீதம், 2017இல் 3 சதவீதமாகக் குறைந்தது. பங்கின் மதிப்பு 50 லட்சம் என்றால் இன்றும் ஒன்றரை லட்சம் ரூபாய். அதாவது, வீட்டுக்குள் இருப்பவருக்குக் குறைவு, வெளியே தள்ளப்பட்டவருக்கு அதிகம்.

நம் குடும்பங்களில் மகளை விலக்குவது கதவைச் சாத்தி நடப்பதில்லை. பொங்கலுக்குச் சீர் வரும், தீபாவளிக்குப் புடவை வரும். நெல்லும் வாடகையும் வராது. பங்கு கேட்டு அவள் வழக்குப் போட்டதும், அண்ணன் தம்பிகளின் எதிருரையில் ஒரு வாதம் எழுவதுண்டு: “கல்யாணமானதிலிருந்து அவள் அனுபவத்திலேயே இல்லை, செலுத்திய கட்டணம் போதாது.” விலக்கியவர்களே அந்த விலக்கலைச் சாட்சிக்கு அழைத்து, அதற்கான செலவை அவள் தலையில் கட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் பெண்களுக்குக் கைகொடுப்பது, தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற நீலாவதி வழக்கின் 1980ஆம் ஆண்டுத் தீர்ப்பு. கட்டணத்தை வழக்குரையில் உள்ளதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஒரு கூட்டு உரிமையாளரின் அனுபவம் சட்டப்படி எல்லோருடைய அனுபவமும்தான். வருமானத்தில் பங்கு தரவில்லை என்பதாலேயே ஒருவர் விலக்கப்பட்டவர் ஆகிவிட மாட்டார் என்றது அது. நல்ல தீர்ப்பு. ஆயினும் அது தரும் பாதுகாப்பின் தன்மையைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். “என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள்” என்று வெளிப்படையாக எழுதாத வரைதான் அது அவளைக் காக்கிறது. அதனால் “கூட்டு அனுபவத்தில் இருந்துவருகிறோம்” என்ற வாசகம் வழக்குரைகளில் வாய்பாடாகிவிட்டது. மகளுக்கு நேர்ந்த அநீதி அவளுடைய வழக்குரையிலேயே இடம்பெற முடியாமல் போகிறது.

பணம் மட்டுமல்ல, காலமும் இதில் அடங்கியிருக்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டவர், அது தெரியவந்த நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம். விலக்கலை ஒப்புக்கொண்டால் அந்தக் கணக்கும் தொடங்கிவிடுகிறது. அண்ணன் நீட்டிய விடுதலைப் பத்திரத்தில் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டவளின் நிலை இன்னும் கடினம். தானே எழுதிக்கொடுத்த பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க வேண்டும். அதற்கும் மதிப்பின் அடிப்படையில் கட்டணம் உண்டு.

சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்றக் கட்டணமும் அந்த உதவியில் அடங்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். இதைத் தோழிகளுக்குச் சொல்லிவையுங்கள். ஆனால் தனித்தனியே விண்ணப்பிப்பது பிரிவு 37ஐ மாற்றிவிடாது. சொத்துத் தகராறுகளில் பெண்களுக்கு நீதிமன்றக் கட்டணத்தை மகாராஷ்டிர அரசு 1994லேயே தள்ளுபடி செய்தது. மத்தியச் சட்டத்துக்கு 16 ஆண்டுகள் முன்பே மகளுக்குப் பங்கு தந்த தமிழ்நாட்டுக்கு இது பெரிய காரியமல்ல. குறைந்தபட்சம், பாகம் கேட்கும் மகள் உள்ளே இருந்தாலும் வெளியே நின்றாலும் ஒரே நிலையான கட்டணம் என்று ஆக்கட்டும். அப்போது அவள் தனக்கு நடந்ததை நடந்தபடி எழுதலாம்.