பார்த்தவரின் பெட்டி

கிள்ளானில் ஒரு வரிசை வீட்டின் மாடிப்படிக்கு அடியில் அந்த மைலோ அட்டைப்பெட்டி இருந்தது. வீட்டுக்காரர் இளமையில் தோட்டத்து இளைஞர் மன்ற நாடகங்களில் வேடம் கட்டியவர். அவர் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. "சூராட் காபார் லாமா லாரி வந்தா தூக்கிப் போட்டுரலாம்னு இருந்தேன் தம்பி. நீங்க எழுதுறவரு, பாத்துட்டு வேணும்னா எடுத்துக்குங்க" என்றார் அவர் மனைவி.

கரையான் தின்றது போக மிச்சம் இருந்தவை நாடக நோட்டீஸ்கள், பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழ்கள், சில ஆண்டு விழா மலர்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட புகைப்படங்கள். நோட்டீஸ்கள் பலவற்றில் தேதி, கிழமை, மணி எல்லாம் இருந்தன. ஆண்டு இல்லை. அடித்தவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது. அடுத்த சனிக்கிழமை நாடகம், அதற்குக் கூட்டம் வர வேண்டும், அவ்வளவுதான். நாற்பது ஐம்பது வருடம் கழித்து ஒருவன் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து எந்த ஆண்டு என்று மண்டையை உடைத்துக்கொள்வான் என்று யார் நினைத்தார்கள்?

ஒரு நோட்டீஸின் பின்பக்கம் மட்டும் என்னை நிறுத்தியது. நீல மையில் ஆறேழு வரிகள். இரண்டாம் காட்சி இழுவை, அம்மா வேடம் போட்ட பையன் அழாமல் அடக்கிக்கொண்ட இடம் நன்று, கடைசியில் போலீஸ் வந்திருக்க வேண்டியதில்லை என்ற பொருளில் யாரோ குறித்து வைத்திருந்தார். யார் கையெழுத்து என்று அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை. பெட்டி முழுக்கப் பாராட்டுரைகள், வாழ்த்துரைகள். விமர்சனம் என்று சொல்ல இருந்தது இந்த ஆறேழு வரிகள்தான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நான் கிரிஷன் ஜித்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிரிஷன் ஜித் (1939–2005) கோலாலம்பூரில் பிறந்த பஞ்சாபியர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர், நாடக இயக்குநர். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்த்தவர். 1972 முதல் 1994 வரை, ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள், 'உத்தே' என்ற பெயரில் ஆங்கில நாளேட்டில் நாடகப் பத்தி எழுதினார். உஸ்மான் அவாங்கின் 'உடா டான் டாரா'வில் உத்தே என்றொரு பாத்திரம் உண்டு. முகமூடி போட்டுக்கொண்டு கலை விமர்சனம் எழுதுவது நமக்கும் புதிதில்லை. கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'ஆடல் பாடல்' பத்திகளை நினைத்துக்கொள்ளலாம். 1930களின் சென்னைக் கச்சேரி மேடையில் எதை ரசித்தார்கள், எதற்கு முகம் சுளித்தார்கள் என்று இன்று நமக்கு ஓரளவாவது தெரிகிறதென்றால் அப்படிப்பட்ட பத்திகளால்தான்.

உத்தே எழுதத் தொடங்கிய காலமும் முக்கியமானது. 1969 மே 13க்குப் பிறகு மலாய் நாடகம் தன் வடிவத்தையே மாற்றிக்கொண்டிருந்தது. நூர்டின் ஹசானின் 'புக்கான் லாலாங் டித்தியூப் ஆஙின்' 1970இல் வந்தது. டின்ஸ்மானின் 'புக்கான் புனோ டிரி' 1974இல் வந்தது. நேர்க்கோட்டுக் கதை, வரவேற்பறை மேடை எல்லாம் உடைந்தன. அந்த உடைசலை அது நடந்துகொண்டிருக்கும்போதே வாராவாரம் பார்த்து எழுத ஒருவர் இருந்தார். அதனால் மலேசிய நாடக வரலாற்றில் எழுபதுகள் என்பது வெறும் தலைப்புகளின் பட்டியலாக நின்றுவிடவில்லை. எது ஏன் வேலை செய்தது, எது ஏன் சறுக்கியது என்ற வாதமாகவும் மிஞ்சியிருக்கிறது.

அவர் வெறும் விமர்சகராக மட்டும் இருக்கவில்லை என்பதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 1984இல் மரியோன் டிகுரூஸ், சின் சான் சூய், ரெட்சா பியாடாசா, கே. எஸ். மணியம் ஆகியோருடன் சேர்ந்து ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டரைத் தொடங்கினார். ஒரு கையால் நாடகம் இயக்கி, மறு கையால் நாடக விமர்சனம் எழுதுவது நியாயமா? நம் ஊராக இருந்தால் முதல் வாரமே மொட்டைக் கடிதம் போயிருக்கும். 2003இல் கேத்தி ரோலண்ட் தொகுத்த அவருடைய கட்டுரை நூலின் பெயரே 'ஆன் அன்காமன் பொசிஷன்'. வழக்கத்துக்கு மாறான இடத்தில் நின்றவர் என்று பொருள் கொள்ளலாம். எனக்கு அந்த இடத்தில் பெரிய குறை தெரியவில்லை. மேடைக்குப் பின்னால் நின்று வியர்த்தவர் முன்வரிசையில் வந்து அமரும்போது அவர் கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. அவர் மறைந்த பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. அவரது அரங்கச் செயல்பாடு பற்றி 2018இல் ஒரு பெரிய கட்டுரைத் தொகுப்பு வந்தது. ஃபைவ் ஆர்ட்ஸின் அடுத்த தலைமுறை இயக்குநர் மார்க் தே, 1955 பாலிங் பேச்சுவார்த்தையின் எழுத்துப் பதிவையே எடுத்து 'பாலிங்' என்று மேடையேற்றினார். பழைய காகிதத்துக்கு மதிப்பு தெரிந்த ஒரு மரபில்தான் இப்படி ஆவணமே நாடகமாகும்.

இதில் நமக்கு உறைக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கே. எஸ். மணியம் கெடா, பீடோங்கில் பிறந்தவர். ஆங்கிலத்தில் எழுதியவர். தோட்டத் தமிழர் வாழ்வை வைத்து அவர் எழுதிய 'தி கார்ட்' நாடகத்துக்கு நூல் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, அதைப் பற்றிய வாதங்களும் இருக்கின்றன. அதே தோட்டங்களில், அதே வாழ்வை வைத்து, தமிழிலேயே இளைஞர் மன்றங்கள் போட்ட நாடகங்களுக்கு என்ன இருக்கிறது? ஆண்டு போடாத நோட்டீஸ். நாளைக்கு ஒரு ஆய்வாளர் மலேசியத் தோட்டத் தமிழர் நாடகம் பற்றி எழுத உட்கார்ந்தால், ஆங்கிலத்தில் எழுதப்பட்டதுதான் தமிழரின் நாடகம் என்று எழுதி முடித்துவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கிரிஷன் ஜித்தையும் குற்றம் சொல்ல முடியாது. அவர் பார்வை பெரும்பாலும் மலாய், ஆங்கில மேடைகள் மீது இருந்தது. நம் மேடைக்கு எதிரே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வேண்டியது நம்முடைய ஆள்.

சரி, விமர்சனத்தை விடுங்கள், பொருட்களையாவது சேர்த்து வைத்தோமா?

சேர்ப்பது என்றால் மோகன் கோக்கர் (1924–1999) சேர்த்தது போல் சேர்க்க வேண்டும். பஞ்சாபிலிருந்து கலாக்ஷேத்ராவுக்கு நடனம் படிக்க வந்தவர், நாட்டியக் கலைஞர் எம். கே. சரோஜாவை மணந்தவர், நடன வரலாற்றாசிரியர், விமர்சகர். நடனம் சம்பந்தப்பட்ட எதையும் அவர் தூக்கி எறிந்ததில்லை என்பார்கள். புகைப்படம், நிகழ்ச்சி நூல், செய்தித் துணுக்கு, பொம்மை, தபால்தலை, தீப்பெட்டிப் படம் வரை சேர்த்தார். அந்தச் சேகரம் பிற்காலத்தில் டெல்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையத்துக்குப் போனது. தீப்பெட்டிப் படம் எதற்கு என்று கேட்கலாம். நாட்டியக்காரி என்றாலே ஏளனமாகப் பார்த்த ஒரு சமூகம், எந்தக் காலத்தில் அவள் படத்தைத் தீப்பெட்டியிலும் காலண்டரிலும் போட்டு வீட்டுக்குள் கொண்டுவந்தது என்பதை எந்த ஆய்வேட்டை விடவும் அந்தத் தீப்பெட்டி நேராகச் சொல்லிவிடும்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்ததும் இப்படித்தான். நூல்களோடு நாடக நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் பாதுகாத்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் உருவானது. ஈழத்தில் 1981இல் யாழ் நூலகம் எரிந்தது. இழப்பு என்றால் என்னவென்று தெரிந்த அந்தச் சமூகத்திலிருந்துதான் 2005இல் 'நூலகம்' இணையத் திட்டம் எழுந்தது. நம் ஊரில் எதையும் யாரும் எரிக்கவில்லை. லாரியை நிறுத்தி நாமே எடைக்குப் போட்டோம்.

ஒரு நோட்டீஸைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது நிறைய சொல்லும். யார் பெயர் பெரிய எழுத்தில், யார் பெயர் சிறிய எழுத்தில்? நட்டுவனார் பெயர் இருக்கிறதா? மிருதங்கக்காரர் 'குழுவினர்' என்ற சொல்லுக்குள் மறைந்துவிட்டாரா? பெண் வேடத்தை ஆண் கட்டினாரா, பெண்ணே நடித்தாரா? சதிர் எப்போது பரதநாட்டியம் ஆனது என்ற பெரிய கேள்விக்குக்கூட ஒரு பகுதி பதில் அந்தக் கால அறிவிப்புகளின் சொற்களில்தான் இருக்கிறது. இந்த நோக்கில் கிள்ளான் பெட்டியில் இருந்த மலர்களைப் புரட்டினேன். முதல் பத்துப் பக்கம் பிரமுகர்கள். டத்தோ, டான்ஸ்ரீ, தலைவர், துணைத்தலைவர், நன்கொடையாளர். ஆடிய பிள்ளைகள் ஒரே படத்தில் கும்பலாக, பெயரில்லாமல். நடனம் அமைத்தவர் கடைசிப் பக்க நன்றியுரையில், சாப்பாடு கொடுத்தவருக்குப் பக்கத்தில். இதுவும் ஆவணம்தான், மறுக்கவில்லை. நாம் யாருக்கு மாலை போட்டோம் என்பதற்கான ஆவணம். மேடையில் என்ன நடந்தது என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது.

நிறுவனங்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவில் இயங்குகிறது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அங்கே சலங்கை கட்டியிருக்கிறார்கள். அடையாறு லக்ஷ்மணனிடம் பரதமும் தேபபிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்ற ரம்லி இப்ராஹிம் 1983இல் சூத்ராவைத் தொடங்கினார். நிகழ்ச்சி நூல், புகைப்படம் என்று எதையும் ஏனோதானோவென்று செய்பவர்கள் இல்லை அவர்கள். இருந்தாலும் ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஆவணம், என்ன செய்தோம் என்று சொல்லும். எப்படி இருந்தது என்று சொல்லாது. சொல்லவும் கூடாது, அது வெளியாள் வேலை. ஒரு மலாய் முஸ்லிம் கலைஞர் ஒடிசி ஆடியபோது பிரிக்பீல்ட்ஸ் மாமி என்ன நினைத்தார், மூன்றாவது வரிசையில் இருந்த பல்கலைக்கழக மாணவன் என்ன நினைத்தான்? தமிழில் யாராவது எழுதி வைத்திருந்தால் அது இன்று தங்கம்.

இன்னொரு மறுப்பும் வரும். கூத்துக்கும் நாட்டியத்துக்கும் காகிதம் எதற்கு, உடம்புதானே ஏடு, குருவிடமிருந்து சீடருக்குப் போகிறதே என்று. டயானா டெய்லர் 2003இல் எழுதிய நூலில் ஆவணக் காப்பகத்தையும் உடல்வழி மரபையும் பிரித்து, இரண்டாவதும் அறிவுதான் என்று வாதிட்டார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடம்பு நிற்க இடம் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, சனங்கள் அடுக்குமாடிகளுக்குப் போனபோது கூத்துக் களமும் போயிற்று. பாட்டு தெரிந்தவர் பூச்சோங்கில், மத்தளம் தெரிந்தவர் காப்பாரில், வேடம் தெரிந்தவர் செத்துப் போய்விட்டார். சங்கிலி அறுந்த இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு காகிதமாவது வேண்டாமா?

இப்போதுதான் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறதே என்று ஆறுதல் சொல்லிக்கொள்வதும் ஏமாற்று. அரங்கேற்றம் முடிந்த இரவே வாட்சப்பில் முந்நூறு படம் வருகிறது. ஆறு மாதத்தில் கைப்பேசி மாறுகிறது, படங்கள் போகின்றன. தப்பிப் பிழைப்பவற்றிலும் நடந்த இடம் இல்லை, பாடியவர் பெயர் இல்லை. கீழே 'சூப்பர்', 'வாழ்த்துகள்'. பழைய மலரின் வாழ்த்துரை சுருங்கி இப்படி ஆகியிருக்கிறது. பொருள் குவிந்திருக்கிறது, பார்த்தவரின் சொல் இல்லை. வெறும் பொருள் கிடங்கு. வெறும் கருத்து, 'அந்தக் காலத்துல எப்படி நடிப்பாங்க தெரியுமா' என்ற டீக்கடைப் பேச்சு. இரண்டும் ஒரே பெட்டியில் சேரும்போதுதான் வரலாறு எழுத முடியும். கோக்கரும் கிரிஷன் ஜித்தும் வெவ்வேறு முனையிலிருந்து காட்டுவது இதைத்தான்.

விமர்சனம் வராததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். ஊர் சிறியது. ஆடும் பிள்ளையின் அப்பா நமக்குத் தெரிந்தவராக இருப்பார். பத்து மாதம் கடன் வாங்கி அரங்கேற்றம் செய்தவரிடம் வர்ணத்தில் தாளம் தப்பியது என்று எப்படிச் சொல்வது? 'ஏதோ நம்ம புள்ளைங்க செய்யுதுங்க, ஊக்கப்படுத்துவோம் லா' என்ற வாக்கியத்தை நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். அந்த இரக்கத்துக்கு நாம் கொடுத்த விலை, நன்றாக ஆடியவர்களும் பதிவாகவில்லை என்பது. எல்லோரையும் பாராட்டிய இடத்தில் யாரையும் தனியே நினைவில் வைக்க முடியாது. அம்மா வேடத்தில் அழுகையை அடக்கிய அந்தப் பையன் இன்று எனக்குத் தெரிகிறான் என்றால், இரண்டாம் காட்சி இழுவை என்று சொல்லத் தயங்காத ஒருவர் அவனையும் கவனித்ததால்தான்.

செய்திகளையாவது தாங்கி நின்ற தாள்களும் குறைந்துகொண்டிருக்கின்றன. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. கலை நிகழ்ச்சிச் செய்திகள் ஏறத்தாழ தொண்ணூற்றைந்து ஆண்டுகளாக விழுந்துகொண்டிருந்த இடம் அது. இனி அந்த வேலையை யாராவது வலிந்து எடுத்துச் செய்ய வேண்டும். பெரிய கட்டடம், அரசு மானியம் எல்லாம் வரும்போது வரட்டும். இந்த வாரம் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு நிகழ்ச்சிக்குப் போகிறவர், நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, வீட்டுக்கு வந்ததும் பின்பக்கத்தில் ஆண்டை எழுதலாம். வாசித்தவர்கள் பெயரை எழுதலாம். பிடித்தது எது, பிடிக்காதது எது, ஏன் என்று பத்து வரி எழுதலாம். தன் பெயரையும் போட வேண்டும். நீல மைக்காரர் விட்ட ஒரே பிழை அது.

பெட்டியை நான் எடுத்து வந்துவிட்டேன். போலீஸ் வந்திருக்க வேண்டியதில்லை என்ற அவர் கருத்தோடு எனக்கு ஒப்புதல் இருந்திருக்குமா என்று இப்போது அடிக்கடி யோசிக்கிறேன். நாடகத்தைப் பார்த்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இப்போது என்னிடம் இருப்பது நோட்டீஸும் அவர் வரிகளும் மட்டும்.

அந்த அம்மாவிடம் பெட்டிக்கு ஏதாவது தர வேண்டுமா என்று கேட்டேன். "லாரிக்காரன் கிலோவுக்கு சில்லற காசுதான் தருவான். நீங்க படிச்சிட்டு என்னா இருந்துச்சுன்னு வந்து சொல்லுங்க, அது போதும்" என்றார்.

இன்னும் போய்ச் சொல்லவில்லை. ஆண்டுகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன்.