பெட்டிக்குள் இறுகும் ஜெல்

சிலிக்கனும் அலுமினியமும் உள்ள தூளை வலுவான காரத்தில் குழைத்தால், அது கரைந்து, மறுபடி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சீமெந்துபோல் இறுகும். ஜோசப் டேவிடோவிட்ஸ் 1970களில் ஜியோபொலிமர் என்று பெயரிட்டது இதைத்தான். இதன் பலம் இடையில் தோன்றும் ஜெல்லில் இருக்கிறது. அந்த ஜெல் பிறப்பதை அணு அணுவாகக் கருவியில் பார்ப்பது அரிது என்பதால் கணினி உருவகப்படுத்தல் துணைக்கு வந்தது.

கிளேர் வைட், ஜோன் புரோவிஸ் முதலானோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இம்முறைக்கு நல்ல சான்று. இரு மூலக்கூறுகள் இணையும்போது எவ்வளவு சக்தி மிச்சமாகிறது என்பதைக் குவாண்டம் கணக்கால் அறிந்து, அதைத் தற்செயல் நகர்வுகளால் கணிக்கும் மொன்டே கார்லோ முறைக்குள் செலுத்தினார்கள். கரைதல், கோத்தல், திரளுதல் என்ற வரிசை தனியே சொல்லிக்கொடுக்காமலே வெளிப்பட்டது. எது எதோடு சேர விரும்புகிறது என்ற கேள்விக்கு இம்முறை தரும் விடையை நம்பலாம்.

எவ்வளவு நேரத்தில் சேரும் என்று கேட்டால் கதை வேறு. மொன்டே கார்லோவின் படிகளுக்கு மணிக்கூட்டு நேரம் கிடையாது. அணுக்களின் அசைவைப் பின்தொடரும் மூலக்கூற்று இயக்கவியல் முறைக்கு நேரம் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் நானோ விநாடிகளிலேயே நின்றுவிடும். ஒரு மணி நேரத்தில் 3,60,000 கோடி நானோ விநாடிகள் இருக்கின்றன. இந்த இடைவெளியைத் தாண்டச் சிலர் கலவையைக் கணினிக்குள் ஆயிரக்கணக்கான பாகையில் உருக்கிக் குளிர்விக்கிறார்கள். கிடைப்பது கண்ணாடி; தண்ணீருக்குள் மெல்லப் பிறந்த ஜெல் அல்ல. இதை ஜெல் என்று அழைப்பது கொஞ்சம் தாராளம்தான்.

இன்னொரு குறை மூலப்பொருளில். கயோலின் களிமண்ணைச் சுட்டுப் பெறும் மெற்றாகயோலின் கலவைகளில் சிலிக்கன்–அலுமினிய விகிதம் சுமார் 1.9 ஆகும்போது பலம் உச்சம் தொட்டு, பிறகு இறங்குவதாகச் சோதனைகள் காட்டின. கரையாமல் எஞ்சும் துகள்கள் அதற்கு ஒரு காரணம். உருவகப்படுத்தலில் அணுக்களை அடைக்கும், சில நானோமீற்றர் அகலமான கணினிப் பெட்டிக்குள் அத்தகைய துகளுக்கு இடமே இல்லை.

கட்டுக்கல் வார்க்க இதெல்லாம் எவ்வளவு உதவும் என்று பார்க்க, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் உன்னிச்சையை எடுத்துக்கொள்வோம். அங்கே குளத்து நீரில் விளையும் நெல்லின் உமியை அளவான சூட்டில் எரித்தால் சிலிக்கா மிகுந்த சாம்பல் கிடைக்கும். அலுமினியமோ அதில் இல்லாத குறைதான். அந்தச் சாம்பலைத் தனியே காரத்தில் குழைத்தால் இந்த ஜெல் வராது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் பறக்கும் சாம்பலோ, பொரலஸ்கமுவைக் கயோலினைச் சுட்ட தூளோ சேர வேண்டும். ஆனால் உமி எரிந்த சூடு சூளைக்குச் சூளை மாறும், அதோடு சாம்பல் கரையும் வேகமும் மாறும். எந்தப் பெட்டியும் இதை முன்கூட்டிச் சொல்லாது.

ஆகவே உதவாத கலவைகளைக் கழிக்க உருவகப்படுத்தல் போதும். கட்டுக்கல்லின் பலத்தை அறிய, அதை வார்த்து 28 நாள் கழித்து நசுக்கிப் பார்த்தே ஆகவேண்டும்.