உடைந்த கல், உடைத்த கை

ஆசிரியன் செத்துப்போனான் என்பதை நம் பத்திரிகைகளில் மந்திரம் மாதிரி ஓதி ஓதித் தேய்த்தாகிவிட்டது. ஆனால் ஆசிரியன் இருந்தானா இல்லையா என்பதே உயிர்ப்பிரச்சினையாக இருக்கும் துறை ஒன்று உண்டு. பழங்கற்காலத்தைத் தேடுகிறவர் ஒரு கல்லைக் கையில் எடுத்ததும் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான்: இதை யாராவது உடைத்தார்களா, தானாக உடைந்ததா? இலக்கியக்காரர்களும் இந்தக் கேள்வியோடு கொஞ்சநேரம் மல்லுக்கட்டிப் பார்க்கலாம்.

1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லை எடுத்து, இது கருவி என்றார். கல் அங்கேதான் கிடந்தது. படிக்கத் தெரிந்த கண் அன்றைக்குத்தான் வந்தது. அந்தக் கண்ணும் தனியாக முளைத்ததல்ல. 1859இல் பிரான்சின் சோம் ஆற்றுப் படுகைக் கற்களை மனிதன் செய்தவை என்று பிரெஸ்ட்விச்சும் ஜான் எவன்ஸும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு வாசிப்பு இன்னொரு வாசிப்பைப் பெற்றது. (சரளைக் குழியும் தானாக உண்டானதில்லை. தோண்டிய கைகளைப் பற்றி நாம் கேட்பதே இல்லை.)

பாடப்புத்தகம் சொல்லும் அடையாளங்கள் எளிமையானவை. கல்லின் விளிம்பில், 90 பாகைக்குக் குறைவான கோணம் உள்ள இடத்தில் ஓங்கி அடித்தால் சில்லு பெயரும். அடிபட்ட புள்ளிக்குக் கீழே சில்லில் ஒரு சிறு புடைப்பு. அதைச் சுற்றி, குளத்தில் கல் விழுந்த மாதிரி அலைவரிகள். தாய்க்கல்லில் அதற்கு ஈடான குழிவு. வெயிலிலும் உறைபனியிலும் வெடிக்கிற கல்லில் பொதுவாக இந்தப் புடைப்பு வராது. சரி, வெள்ளத்தில் உருண்டு ஒன்றோடொன்று மோதுகிற கல்லில்? வரும். அடித்தது கையா ஆறா என்று கல்லுக்குத் தெரியாதே.

இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் பெஞ்சமின் ஹாரிசன் என்றொரு மளிகைக்கடைக்காரர். மேட்டுநிலச் சரளையில் ஓரம் சிதைந்த தீக்கற்களைப் பொறுக்கி, மனிதனின் முதல் கருவிகள் இவைதான் என்று நம்பினார். சோம் ஆற்றுக் கற்களைச் சரியாகப் படித்த அதே பிரெஸ்ட்விச் இவருக்கும் துணை நின்றார். விடியற்காலக் கற்கள் என்ற பொருளில் 'இயோலித்' என்ற பெயரும் நிலைத்தது. அப்புறம் வந்தது 1905. மான்ட்ஸ் நகருக்கருகே ஒரு சிமென்ட் ஆலையில் சுண்ணப்பாறையையும் களிமண்ணையும் நீர்த்தொட்டியில் போட்டுச் சுழற்றுகிறபோது, உள்ளே அகப்பட்ட தீக்கற்கள் அச்சு அசல் இயோலித்துகளாக வெளியே வருவதை மார்செலின் பூல் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் ஹேசல்டைன் வாரன், மண்ணடுக்குகளின் அழுத்தமே இப்படிச் சிதைக்கப் போதும் என்று வாதிட்டார். ஆலைக்குப் பசி கிடையாது, வேட்டை கிடையாது. இருந்தும் 'கருவி' செய்தது. ஆலையைக் கட்டியவன் மனிதன்தானே என்று யாராவது குதர்க்கம் பேசலாம். பேசட்டும், அந்தக் கற்களை அவன் நினைக்கவில்லை.

இதோடு கதை முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. முதல் மனிதன் தன் மண்ணில்தான் எழுந்து நின்றான் என்று நம்ப ஆசைப்பட்டவர்களுக்கு இயோலித் தேவைப்பட்டது. 1912இல் அறிவிக்கப்பட்ட பில்ட்டவுன் மண்டையோட்டோடு இயோலித்துகளும் சேர்த்தே காட்டப்பட்டன. மண்டையோடு மோசடி என்று அம்பலமாக 1953 ஆயிற்று.

1939இல் ஆல்ஃபிரட் பார்ன்ஸ் கேள்வியையே இடம் மாற்றினார். ஒற்றைக் கல்லைப் பார்க்காதே, குவியலைப் பார், கோணங்களை அள. கால்வாசிக்கு மேல் 90 பாகையோ அதற்கு அதிகமோ இருந்தால் மனித வேலை என்று சொல்லாதே. அளவுகோல் முரட்டுத்தனமானதுதான், எல்லாவகைக் கல்லுக்கும் பொருந்துமா என்று சண்டை போடலாம். ஆனால் கல்லிலிருந்து குவியலுக்கு நகர்ந்தது பெரிய நகர்வு. ஒரே ஒரு கவிதையை வைத்துக்கொண்டு கவிஞனின் உள்மனசைத் துழாவுகிற நம்மூர் விமர்சனம் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

குவியலும் ஏமாற்றும். பிரேசிலின் செர்ரா டா கபிவாராவில் கபுச்சின் குரங்குகள் கல்லைக் கல்லால் அடிக்கின்றன. கூரான சில்லுகள் வரிசையாக விழுகின்றன, மனிதச் சில்லு மாதிரியே. 2016இல் வெளிவந்த ஆய்வு சொல்வது: அந்தச் சில்லுகளைக் குரங்குகள் பயன்படுத்தியதைப் பார்க்கவில்லை. உடைந்த கல்லை நக்கிப் பார்க்கின்றன, அவ்வளவுதான். கை இருக்கிறது, அடி இருக்கிறது, திரும்பத் திரும்பச் செய்வதும் இருக்கிறது. சில்லை நினைத்த மனசு மட்டும் இல்லை. நோக்கம் என்பது வடிவத்தில் எழுதியிருக்கும் என்கிற நம்பிக்கை இங்கே ஆட்டம் காண்கிறது. அதற்காக நோக்கமே கிடையாது என்று கையை உதறிவிடவும் முடியாது. அதைத் தேடவேண்டியது கல்லைச் சுற்றி: எங்கிருந்து வந்தது, யார் சுமந்தது, எதன் பக்கத்தில் கிடந்தது.

அத்திரம்பாக்கத்தில் நடந்தது அதுதான். நுண்ணிய களிமண் படிவுக்குள் கனத்த குவார்ட்சைட் கருவிகள். வண்டலை மெல்லப் படியவைக்கிற தண்ணீர் இவ்வளவு பெரிய கல்லை உருட்டிவராது. சாந்தி பாப்புவும் குழுவினரும் 2011இல் வெளியிட்ட காலக்கணிப்பு சுமார் 15 லட்சம் ஆண்டு. உடனே மேடைகளில் ஒரு தமிழன் எழுந்து நின்றுவிடுகிறான்! செய்தவரின் எலும்பு அங்கே கிடைக்கவில்லை. நம் மனித இனத்துக்கே தெரிந்த வயசு 3 லட்சம் ஆண்டுதான். கல்லில் இல்லாத ஆசிரியனை ஆசையிலிருந்து வரவழைப்பதில் இவர்களுக்கும் இயோலித்காரர்களுக்கும் என்ன பேதம்? இயோலித்காரர்களிடம் கல்லாவது சந்தேகத்துக்குரியதாக இருந்தது. இங்கே கல் உண்மையானது, அதன்மேல் ஏற்றுகிற பெயர்தான் பொய்.

பெருமை பேசுகிற இதே வாய்கள் கொசஸ்தலையாற்றில் மணல் லாரி ஏறியபோது என்ன பேசின? கைக்கோடாரியைப் பொறுக்கிவந்து வரவேற்பறை அலமாரியில் வைக்கிற ஆர்வலர் அதையே சிறிய அளவில் செய்கிறார். கல் பத்திரமாக இருக்கிறது. எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டது.