கிராங்கைப் பார்க்காத மறுகட்டுமானம்

தண்ணீர் புகுந்து நின்றுபோன ஜெட் ஸ்கீ இன்ஜினைப் புதியவர் ஒருவர் தானே பிரித்துக் கட்டி ஓட வைத்தால், அந்த வேலையை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? ஸ்டார்ட் ஆனதே போதும் என்பார்கள் பலர். நான் அதை ஏற்கவில்லை. தண்ணீரால் கெட்ட டூ ஸ்ட்ரோக் இன்ஜின், அரைகுறையாகக் கட்டினாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். சில மணி நேரம் நன்றாக ஓடவும் செய்யும். அந்த முதல் உறுமலுக்கு மதிப்பெண் இல்லை. தண்ணீர் எந்த வழியாக வந்தது, எதுவரை போனது என்ற இரண்டு கேள்விகளுக்கும் கட்டியவரிடம் பதில் இருக்கிறதா என்பதே என் அளவுகோல்.

பேச்சு பொத்தாம்பொதுவாகப் போகாதிருக்க, யமஹா சூப்பர்ஜெட்டின் 701 சிசி இன்ஜினை எடுத்துக்கொள்வோம். இரண்டு சிலிண்டர், 81 மி.மீ. போர், 68 மி.மீ. ஸ்ட்ரோக். 1990-இல் அறிமுகமான சூப்பர்ஜெட், சில ஆண்டுகளில் இந்த இன்ஜினுக்கு மாறி 2020 வரை அதிலேயே ஓடியது. 2021-இல்தான் ஃபோர் ஸ்ட்ரோக் ஆனது. கேம் ஷாஃப்ட் இல்லை, டைமிங் செயின் இல்லை. பிரிப்பதற்கு இதைவிட எளிய இன்ஜின் அரிது. புதியவர்கள் இதைத் தேடிப் போவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கெடுதல் கண்ணில் படாத இடத்தில் ஒளிந்திருக்கிறது என்பதை இந்த எளிமையே மறக்கச் செய்துவிடுகிறது.

வழக்கமான முறை நாம் அறிந்ததுதான்: ஹெட்டைக் கழற்று, சிலிண்டரைத் தூக்கு, துருப்பிடித்த சுவரை ஹோன் செய், பிஸ்டனும் ரிங்கும் கேஸ்கெட்டும் அடங்கிய கிட்டை வாங்கிப் போடு. இந்த மேல்பாதி வேலையில் புதியவர்களின் தரம் பல பட்டறைகளை விஞ்சுகிறது என்பதைத் தயங்காமல் சொல்லலாம். பழைய கேஸ்கெட்டை அலுமினியத்தில் கீறல் விழாமல் சுரண்டுகிறார்கள். போல்ட்டுகளை இடம் குறித்துப் பிரித்து வைக்கிறார்கள். பழைய சர்க்ளிப்பைத் திரும்பப் போடுவதில்லை. பிஸ்டன் தலையின் அம்புக்குறியை எக்ஸாஸ்ட் பக்கம் திருப்ப மறப்பதில்லை. அவசரத்தில் பிழைப்பு நடத்தும் மெக்கானிக்குக் கிடைக்காத பொறுமை இது. குறை, அளக்காமல் முடிவெடுப்பதில் இருக்கிறது. துரு அரித்த பள்ளம் ஹோனில் போகாது. சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், இரு திசைகளிலும் அளந்த பிறகே ஹோன் போதுமா, போர் போட வேண்டுமா என்பது தெரியும். போர் போடுவதென்றால் 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டுதான் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். பிஸ்டனுக்கு ஏற்பப் போர் போடுவதே முறை. போட்ட போருக்குப் பிஸ்டன் தேடுவது முறையல்ல.

இவையெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடியவை. கிராங்கைப் பார்க்காமல் விடுவது அப்படியல்ல. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை கிராங்க் கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகிறது. அந்தக் கலவையில் இருக்கும் சிறிது ஆயில்தான் பேரிங்குகளுக்குக் கிடைக்கும் ஒரே உயவு. உள்ளே வந்த தண்ணீர் கேஸின் அடியில் தேங்கி அந்த ஆயில் படலத்தைக் கழுவிவிடுகிறது. உப்புத் தண்ணீரானால் துருப்பிடிக்க ஓர் இரவே தாராளம். சிலிண்டரைத் தூக்கிய நிலையில் டார்ச் அடித்து, கனெக்டிங் ராடின் அடிமுனையில் உள்ள பிளவுக்குள் பார்க்க வேண்டும். ஊசி பேரிங்கின் உருளைகள் பளபளப்பாக இருந்தால் நம்பிக்கை உண்டு. பழுப்புக் கோடு தெரிந்தால் போதும், அந்த பேரிங்கின் கதை முடிந்தது. ராடில் விரலை வைத்தபடி கிராங்கை மெல்லச் சுற்றினால், மணல் நெரிவது போன்ற உணர்வு கைக்கு வரும். எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் அந்த பேரிங் திரும்பச் சீராகாது. அதன் மேல் புது பிஸ்டனைப் போட்டு ஓட்டினால், உதிரும் உலோகத்துகள் அந்தப் புது பிஸ்டனையும் கெடுத்துவிட்டுத்தான் ஓயும்.

இந்த கிராங்க், துண்டுகளை அழுத்திப் பொருத்திய வகை. ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு ராட் கிட் மாற்றிய பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இங்கே இரண்டு ராடுகள், நடுவில் பேரிங்குகள். பிரஸ் இல்லாமல் அவற்றைத் தொடவே முடியாது. திரும்பப் பொருத்திய பின் வி-பிளாக்கில் வைத்து, டயல் கேஜில் ரன்அவுட் 0.05 மி.மீ.க்குள் வரும்வரை தட்டி நேராக்க வேண்டும். இது கைப்பழக்கம் கேட்கும் தொழில். கிராங்கை நிபுணரிடம் அனுப்புவது புதியவரின் தோல்வியென்று கருதுவோர் உண்டு. எனக்கு அது அவருடைய முறையியலின் முதிர்ச்சி.

தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவலுக்கும் கிராங்கைப் பார்க்காமல் விடும் தவறில் பங்கு உண்டு. டார்க் அளவு, தேய்மான எல்லை, இறுக்கும் வரிசை ஆகியவற்றில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் எப்போது கேஸைப் பிளப்பது என்ற முடிவு வாசகருக்கு ஏற்கெனவே தெரியும் என்ற அனுமானத்தில், பயிற்சி பெற்ற மெக்கானிக்கை நோக்கி அது பேசுகிறது. கிட் விற்பவர்களோ அந்தக் கேள்வியையே எழுப்புவதில்லை. இரண்டையும் நம்பிய புதியவர், அளவுகளில் துல்லியமாகவும் நோயறிதலில் வெறுமையாகவும் நிற்கிறார்.

கட்டி முடித்ததும் செய்ய வேண்டிய அழுத்தச் சோதனையைப் பெரும்பாலோர் தவிர்க்கிறார்கள். இன்டேக், எக்ஸாஸ்ட், ஃப்யூல் பம்ப்பின் பல்ஸ் லைன் மூன்றையும் அடைத்து, ஏழெட்டு பிஎஸ்ஐ காற்றை ஏற்றி, கேஜ் இறங்காமல் நிற்கிறதா என்று சில நிமிடம் பார்ப்பதுதான் அது. செலவும் சொற்பம். கிராங்க் சீல் கசிந்தால் அந்த வழியே வெறும் காற்று நுழைந்து கலவையில் பெட்ரோல் குறையும். சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இந்தச் சோதனை நடக்காத மறுகட்டுமானத்தை முடிந்த வேலையாக நான் எண்ணுவதில்லை.

தண்ணீர் வந்த வழிக்கு வருவோம். கவிழ்ந்ததா, ஹல்லின் டிரெயின் பிளக்கை மாட்டாமல் இறக்கியதா, எக்ஸாஸ்ட் கேஸ்கெட் அரித்ததா? டிரெய்லரில் வைத்துக் கழுவும்போதே நேரும் கேடும் உண்டு. தொடங்கும்போது முதலில் இன்ஜின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு இன்ஜின் என்பதே விதி. நின்ற இன்ஜினுக்குள் ஹோஸைத் திறந்தால், தள்ளி வெளியேற்றப் புகை அழுத்தம் இல்லாததால் எக்ஸாஸ்ட் நிரம்பித் தண்ணீர் போர்ட் வழியே சிலிண்டருக்குள் இறங்கும். அதன் மேல் ஸ்டார்ட்டரை அழுத்தினால் ராடே வளையும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றி கேஸ்கெட் பரப்பின் அரிப்பைப் பார்க்காமல், ஹோஸ் பழக்கத்தையும் விசாரிக்காமல் இன்ஜினை மட்டும் கட்டியவரின் மேல்பாதி வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் தேர்ச்சி தருவதில்லை. கிராங்கை வெளியே கொடுத்து, வழியைக் கண்டு அடைத்து, அழுத்தச் சோதனையும் முடித்தவருக்கு, போல்ட் ஒன்றிரண்டு அலுமினியத்தில் முறிந்து ஹெலிகாயில் போட நேர்ந்திருந்தாலும், முழுத் தேர்ச்சி.